பத்து மணி ஐந்துக்கு எழும்பும் விரல்கள்

கொடிமங்கலம் தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் உதவியாளராக வேலை பார்த்துவிட்டு, சந்தன மாலையும் சால்வையும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஓய்வுபெற்று வீடு வந்து சேர்ந்தாள் தில்லைநாயகி. சனிக்கிழமை தூங்கினாள், ஞாயிற்றுக்கிழமையும் தூங்கினாள். திங்கட்கிழமை காலை பாகற்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தபோது, சரியாகப் பத்து மணி ஐந்து நிமிஷத்துக்குக் கத்தி கையிலிருந்து நழுவியது, பத்து விரல்களும் அவளைக் கேட்காமல் எழும்பின, பலகையின்மேல் டகடகவென்று தட்டச்சு அடிக்க ஆரம்பித்தன. பாகற்காய் விதை நாலாபக்கமும் தெறித்தது. அவள் புருஷன் கோதண்டம் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "பழக்க தோஷம் நாயகி, ரெண்டு நாள்ல போயிடும்" என்று சொல்லிவிட்டு மறுபடி பேப்பருக்குள் போனார்.

போகவில்லை. பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு நின்றது, இரண்டு இருபத்தைந்துக்குத் திரும்ப எழும்பியது, ஐந்தேகாலுக்கு ஓய்ந்தது. செவ்வாயும் அப்படி, புதனும் அப்படி. பெரியாஸ்பத்திரி டாக்டர் சுத்தியலால் முட்டியில் தட்டி, கண்ணுக்குள் டார்ச் அடித்து, "இது நரம்புக் கோளாறு இல்லம்மா, நிர்வாகக் கோளாறு, எங்ககிட்ட மருந்து கிடையாது, நெக்ஸ்ட்" என்றார். சித்த வைத்தியர் ஒரு படி நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார். விரல்கள் எண்ணெயில் வழுக்கி வழுக்கி அடித்தன, அவ்வளவுதான். பூசாரி விபூதி போட்டார், பாதிரியார் ஜெபித்தார், எதிர்த்த வீட்டுத் தையல்காரி அமலோற்பவம் இரண்டு கையையும் துப்பட்டாவால் கட்டிப் பார்த்தாள், துப்பட்டாதான் கிழிந்தது.

பிறகு தெரு அதைப் பழகிக்கொண்டது. ஒரு தெரு எதைத்தான் பழகிக்கொள்ளாது? தண்ணீர் வராத குழாயைப் பழகியது, குழாய் இல்லாமல் வருகிற தண்ணீரைப் பழகியது, தில்லைநாயகியின் விரல்களையும் பழகிக்கொண்டது. கோதண்டம் காலைப் பலகாரத்தைப் பத்து மணிக்கு முன்னாலேயே முடித்து வைத்தார், பதினொரு மணி டீயைத் தானே ஊட்டினார், மூக்கு அரித்தால் சொறிந்துவிட்டார், தலை பின்னக் கற்றுக்கொண்டு கோணல்மாணலாகப் பின்னிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி சப்பாத்தி மாவை விரல்களுக்கடியில் வைத்துப் பார்த்தாள். பதினொரு மணிக்குள் மாவு மெத்தென்று ஆகிவிட்டது, அன்றிலிருந்து நாலு வீட்டு மாவு வந்தது. மின்சாரம் போனால் பத்து விரலும் அந்தரத்தில் தொங்கும். சர்வர் படுத்துவிட்டால் வலது ஆள்காட்டி விரல் மட்டும் ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டுத் தட்டும். அதைப் பார்த்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் போய்ச் சொல்ல, கண்டக்டர் படியில் நின்று, "தாலுகா ஆபீஸ் போறவங்கல்லாம் இறங்கிக்க, விரல் தட்டுதாம், சர்வர் இல்லியாம், ரைட் ரைட்" என்று விசில் ஊதுவார். ஊழியர்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது தில்லைநாயகி இரண்டு கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போய், கடலைத் தன் கையால் தானே தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

காரணத்தைக் கேட்டால் அது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது மாவட்டத் தலைநகரில் மூன்று நாள் பயிற்சி என்றார்கள். தலைமை எழுத்தர் பரஞ்சோதிக்கு முதுகுவலி வந்தது, ஒருவருக்கு மைத்துனன் கல்யாணம் வந்தது, இன்னொருவருக்குக் காரணம் யோசிக்கிற சிரமம்கூட வரவில்லை, வெறுமனே போகவில்லை. போனவள் தில்லைநாயகி. ஆகவே எல்லா அனுமதியும் அவள் பேருக்கு வந்தது: திறக்க, எழுத, ஏற்க, நிராகரிக்க, மற்றவர்களுக்கு அனுமதி கொடுக்க. மற்ற பதினான்கு பேருக்கும் தனித்தனிப் பேரும் கடவுச்சொல்லும் வந்தன. ஆனால் பார்க்கத்தான் அனுமதி, தொட அனுமதி இல்லை, கல்யாணப் பந்தியைச் சன்னல் வழியாகப் பார்க்கிற மாதிரி. "உங்க பேருக்கும் அனுமதி போட்டுடறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்று அவள் சொன்னபோதெல்லாம், "இப்ப என்னக்கா அவசரம்" என்றார்கள். பணி நிறைவு விழாவில் பரஞ்சோதி மைக்கைப் பிடித்து, "அக்கா இந்த அலுவலகத்தின் ஆணிவேர், அடிமரம், ஆலமரம்" என்று பேசிவிட்டு, கீழே இறங்கி அவள் காதருகே, "அந்தக் கடவுச்சொல்லை மட்டும் குடுத்துட்டுப் போங்கக்கா" என்றார். கழுத்தில் மாலை கனத்துக்கொண்டிருந்தது, கண்ணில் நீர் இருந்தது, அந்த நேரத்தில் யார்தான் மாட்டேன் என்பார்கள்? பீரோச் சாவியோடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சீட்டைப் பிள்ளையார் காலண்டரின் பின்பக்கம் ஒட்டினார்கள். திங்கட்கிழமையிலிருந்து பதினான்கு பேரும் தில்லைநாயகியாக உள்ளே போய்த் தில்லைநாயகியாக வேலை பார்த்தார்கள்.

விரல் விஷயம் அலுவலகத்துக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு அலுவலக உதவியாளர் ஒரு தட்டோடு அவள் வீட்டுக்கு வருவார், பொரியும் கடலையும் கொடுப்பார், பத்து விரலுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார், கையோடு கொண்டுவந்த தளவாடப் பதிவேட்டில் டிக் போட்டுக்கொண்டு போவார். அதில் இப்படி இருக்கும்: மேசை பதினாறு, நாற்காலி இருபத்திரண்டு, கால் உடைந்த நாற்காலி ஏழு, விரல் பத்து.

முதல் வருஷமே அமலோற்பவம் ஒரு வேலை செய்தாள். அவள் பள்ளிக்கூடம் முடித்த காலத்தில் தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள். ஒரு நாள் முறத்தைக் கவிழ்த்துத் தில்லைநாயகியின் கைகளுக்கடியில் வைத்தாள், விரல் எங்கே விழுகிறது என்று பார்த்தாள், பார்த்தபடி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "யக்கா, இது மேலத்தெரு காசிலிங்கத்தோட செத்துப்போன அப்பாவுக்கு வாரிசுச் சான்று. நாலு புள்ளைன்னு அடிக்கிறாங்க. அவருக்கு ஆறு." அவ்வளவுதான், அடுத்த வாரம் தில்லைநாயகி வீட்டு வாசல் இரண்டாவது தாலுகா அலுவலகம் ஆகிவிட்டது. பன்னிரண்டு கிராமத்து ஜனங்கள் வந்து, செருப்பை வரிசையாகக் கழற்றிப் போட்டு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தங்கள் மனு எப்போது அந்த விரல்களில் வரும் என்று காத்திருந்தார்கள். முனையில் ஒரு டீக்கடை முளைத்தது. அதன் பேர் விரல் டீ ஸ்டால்.

ஆனால் ஜனங்கள் காத்திருக்க மட்டும் வரவில்லை, திட்டவும் வந்தார்கள். ஏனென்றால் அந்த விரல்கள் அடிக்கடி அடித்த சொல் 'நிராகரிக்கப்பட்டது' என்பது. ஒவ்வொரு நிராகரிப்புக் காகிதத்தின் அடியிலும் 'செயலாக்கம்: தி. தில்லைநாயகி' என்று அச்சாகி வந்தது. சந்தையில் ஒரு கிழவர் அவளைப் பார்த்ததும் தரையில் காறித் துப்பினார். ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி, "வீட்ல உக்காந்துகினே எம்மாம் பேர் வயித்துல அடிக்கிற, நல்லா இருப்பியா?" என்றாள்.

"நான் இல்லம்மா. என் விரல்."

"விரல் யாருது?"

தில்லைநாயகி அரிசியை வாங்காமல் திரும்பி வந்தாள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மனுவை அவள் படிக்காமல் தள்ளியதில்லை. இப்போது நாளுக்கு நாற்பது மனுவை அவள் கையே தள்ளுகிறது, அவள் பேரே தள்ளுகிறது, அவள் மட்டும் தள்ளவில்லை.

இப்படியே நாலு வருஷம் போனது. நாலாம் வருஷம் ஆவணி மாதத்தில் பச்சையம்மா வந்தாள்.

பச்சையம்மா செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள். புருஷன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் போகிறேன் என்று பஸ் ஏறியவன், இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான். மகள் கலைமதிக்கு அரசு நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்று ஒன்று வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதி காலைக்குள் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். நாலு தடவை அலுவலகத்துக்கு நடந்தாள். "நாளைக்கு வா", "ஆர்.ஐ. ஃபீல்டுக்குப் போயிருக்காரு", "சாப்பாட்டு நேரம் தெரியாதா உனக்கு", "ஏம்மா, புருஷன் ஓடிப்போனதுக்கு அவர்கிட்டயே ஒரு கடுதாசி வாங்கிட்டு வந்துட்டா ஈசியா முடிஞ்சிரும்ல." ஐந்தாவது நாள் வழி கேட்டுத் தில்லைநாயகி வீட்டுக்கு வந்து, முறத்துக்கு நேர் எதிரே, விரல்களுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு அவள் பேர் விரலில் வந்தது. அமலோற்பவம் குனிந்து வாசித்தாள்: "பச்சையம்மா, கணவர் பெயர் ஏகாம்பரம்..." பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், பெரிய ஆபீசர் கூப்பிட்ட மாதிரி. விரல்கள் ஓடின. அமலோற்பவம் வாசிப்பதை நிறுத்தினாள்.

"என்ன போட்டிருக்குது? சொல்லும்மா."

"விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லை. நிராகரிக்கப்பட்டது."

பச்சையம்மா கத்தவில்லை, சாபம் விடவில்லை. தில்லைநாயகியின் முகத்தைப் பார்க்காமல் விரல்களைப் பார்த்து, "இதோ இருக்கிறேனே தாயே" என்றாள்.

தில்லைநாயகிக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தாள், செருப்பைக் காலால் தேடி மாட்டினாள், விரல்கள் அடுத்த மனுவைத் தள்ளிக்கொண்டிருக்க, கைகளைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் பிடித்தபடி கடைத்தெரு வழியாக நடந்தாள். பார்த்தவர்கள் வழி விட்டார்கள். கோதண்டம் குடையோடு பின்னால் ஓடினார்.

அலுவலகத்தில் கணினி இயக்குநர் ரியாஸ் விசைப்பலகையில் அடித்துக்கொண்டிருந்தான். அவன் எந்த எழுத்தை அடித்தானோ அதையே அவன் தோளுக்கு மேலே அவள் விரல்கள் காற்றில் அடித்தன.

"என் கைய வச்சு என் எதிர்லயே அடிக்கிறியா? எந்திரி."

"மேடம், எனக்கென்ன மேடம் தெரியும், பரஞ்சோதி சார் லிஸ்ட் குடுத்தாரு..."

பரஞ்சோதி ஓடிவந்தார், அலுவலகத்திலேயே கால் உடையாத நாற்காலியைத் தேடிப் போட்டார். "உக்காருங்கக்கா. சுகர் எப்பிடி இருக்கு? விரல் வலிக்குதா? டேய், அக்காவுக்கு ஒரு ஹார்லிக்ஸ்."

"அந்தப் பொம்பளை என் முன்னால உக்காந்திருக்கா. ஆஜராகலைன்னு ஏன் போட்டீங்க?"

"அக்கா, உங்களுக்குத் தெரியாததா. மாசக் கடைசில கலெக்டர் மீட்டிங். 'கொடிமங்கலத்துல எத்தன நிலுவை?'ன்னு கேப்பாரு." கலெக்டர் குரலில் கேட்டு, எழுந்து நின்று தன் குரலில் பதிலும் சொன்னார்: "'பூஜ்யம் சார்!' அவ்வளவுதான் அக்கா. குடுத்துட்டாலும் பூஜ்யம், தள்ளிட்டாலும் பூஜ்யம். குடுக்கணும்னா படிக்கணும், விசாரிக்கணும். தள்ளறது ஒரு நிமிஷம்."

"தள்ளு. உன் பேர்ல தள்ளு."

"எனக்குத்தான் அனுமதியே இல்லியே அக்கா!" என்று நெஞ்சில் கை வைத்தார், பெற்ற தாய் கைவிட்ட பிள்ளை மாதிரி.

"அப்ப என் பேரை எடு."

எடுக்கப் பார்த்தார்கள். அன்று நடந்த பழுதுபார்ப்பை அந்த அலுவலகச் சுவர்கள் மறக்காது. ரியாஸ் முதலில் கணினியை அணைத்துப் போட்டான். வயரைப் பிடுங்கிச் செருகினான். பதினான்கு பேரையும் வரிசையில் நிற்கவைத்து அவரவர் பேரில் உள்ளே போகச் சொன்னான்; பதினான்கு தடவையும் திரை ஒரே பதிலைச் சொன்னது: இப்பணிக்குத் தங்களுக்கு அனுமதி இல்லை, நிர்வாகியை அணுகவும். பதினான்கு பேரும் திரும்பி நிர்வாகியைப் பார்த்தார்கள். நிர்வாகி மனுதாரர்கள் நிற்கிற கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளுங்க, நானே உக்காந்து எடுத்துடறேன்."

"ஐயோ அக்கா!" பரஞ்சோதி விசைப்பலகையை இரண்டு கையாலும் மூடினார். "ஓய்வுபெற்றவங்க அரசாங்கக் கணினியைத் தொட்டா கிரிமினல் கேஸ். விதி அக்கா, விதி."

என் பேர் தொடலாம், என் விரல் தொடலாம், நான் தொடக் கூடாது. இதை எந்தத் தேசத்தில் போய்ச் சொல்வது? சென்னை உதவி மையத்துக்குப் போன் போட்டார்கள். வீணை வாசித்தது. பிறகு தேனில் நனைத்த ஒரு பெண்குரல்: "வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்? தில்லைநாயகி மேடமா? மேடம், உங்க கணக்கு மிகச் சிறப்பா இயங்கிட்டிருக்கு மேடம். இன்னிக்கு மட்டும் முப்பத்தெட்டு கோப்பு முடிச்சிருக்கீங்க, வாழ்த்துகள். நீங்க ஓய்வுபெற்றதா சொல்றீங்க, ஆனா பணியில் இருக்கீங்களே மேடம்? நீக்கணும்னா உங்க அலுவலக நிர்வாகி கணினியில இருந்து கோரிக்கை அனுப்பணும். நிர்வாகி யாரு? நீங்கதான் மேடம். வேறு ஏதாவது உதவி தேவையா?"

தில்லைநாயகி வீட்டுக்கு வந்து பச்சையம்மாவின் மனுவைத் திரும்பவும் போடச் செய்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. கோதண்டம் தட்டை வைத்துவிட்டு, "இப்ப மணி எட்டு, கை உன்னுதுதான், சாப்பிடேன்" என்றார். "ராத்திரிக்கு மட்டும் என்னுதுன்னா, அது கை இல்லைங்க, வாடகைச் சாமான்" என்றாள்.

மாதக் கடைசி நாள் வந்தது. நிலுவை இருநூற்றுப் பதினான்கு என்று ரியாஸ் போன் செய்து ரகசியமாகச் சொன்னான், "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள மொத்தமும் காலி மேடம்" என்றான். சாப்பாடு முடிந்து இரண்டு இருபத்தைந்துக்கு விரல்கள் எழும்பின. காசிலிங்கம் நிராகரிக்கப்பட்டார், ஒரு முதியோர் ஓய்வூதியம் நிராகரிக்கப்பட்டது, இரண்டு சாதிச் சான்று, ஒரு பட்டா. வாசல் முழுக்க ஜனம், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முனகல். மூன்று மணிக்கு அமலோற்பவம் வாசித்தாள்: "பச்சையம்மா, கணவர் பெயர் ஏகாம்பரம், நேரில் ஆஜ..."

பச்சையம்மா பாய்ந்தாள். செங்கல் தூக்கிக் காய்த்துப்போன கையால் தில்லைநாயகியின் வலது ஆள்காட்டி விரலைப் பற்றி, கிணற்றில் விழுகிறவள் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி இறுக்கினாள். விரல் துடித்தது, முறுக்கியது, இழுத்தது. அவள் விடவில்லை. விரல் நின்றது.

இரண்டு நிமிஷத்தில் போன் அடித்தது. கோதண்டம் எடுத்து அவள் காதில் வைத்தார். ரியாஸ் குசுகுசுத்தான்: "மேடம், ஒரு எழுத்து கீழ எறங்க மாட்டேங்குது. கல்லு மாதிரி நிக்குது. நீங்க ஏதாச்சும் பண்றீங்களா?"

தில்லைநாயகி விரலைப் பார்த்தாள், பச்சையம்மாவைப் பார்த்தாள். நாலு வருஷமாக அங்கே அடித்தால் இங்கே அடிக்கிறது. இங்கே பிடித்தால் அங்கே நிற்காதா? இதை யோசிக்க ஒரு செங்கல் சூளைக்காரி வர வேண்டியிருந்தது.

"அமலா, இந்தக் கட்டை விரலைப் பிடி. யோவ் காசிலிங்கம், என்ன பாத்துகினு நிக்கிற, இதைப் பிடி."

ஆளுக்கொரு விரலாகப் பத்துப் பேர் பிடித்தார்கள். கண்டக்டர் ஷிப்ட் முடிந்து வந்தவர் சுண்டு விரலைப் பிடித்தார், சந்தையில் காறித் துப்பிய கிழவர் தலைகுனிந்துகொண்டு மோதிர விரலைப் பிடித்தார். அலுவலகத்தில் விசைப்பலகையை மாற்றினார்கள், தலைகீழாகத் தட்டினார்கள், உள்ளேயிருந்து ஒரு பிஸ்கட் துணுக்கும் இரண்டு எறும்பும் விழுந்தன, எழுத்து விழவில்லை. மூன்றரைக்கு ஜீப் வந்து நின்றது. தாசில்தார் இறங்கினார், பின்னால் பரஞ்சோதி இறங்கினார், பின்னால் ஓர் ஆட்டோவில் மற்றவர்களும் வந்தார்கள். ரியாஸை மட்டும் கணினிக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். எப்போதும் போல அதைத் தில்லைநாயகி பேரில் திறந்தபடியே போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வந்து ஆறு மாதமே ஆன தாசில்தார் மேடைத் தமிழில் ஆரம்பித்தார்: "அம்மையாரே, அரசு அலுவலகத்தின் தளவாடங்களைப் பொதுமக்கள் முடக்கி வைப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்."

"தளவாடம்னா எது?"

"தங்கள் விரல்கள். பதிவேட்டில் உள்ளன."

வாசலில் எழுந்த சத்தத்தில் ஜீப் டிரைவர் தானாகவே வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பரஞ்சோதி முன்னால் வந்து கெஞ்சினார்: "அக்கா, அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போகணும். ஒரு மணி நேரம் விடுங்க. எங்களுக்கு அனுமதி இருந்தா உங்களைத் தொந்தரவு பண்ணுவோமா? நாலு வருஷமா அனுமதி இல்லாம நாங்க படற பாடு அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும்."

தில்லைநாயகி அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். பிடித்திருந்தவர்களின் கைக்குள் விரல்கள் துடிக்கவில்லை. அங்கே யாரும் அடிக்கவில்லை. அடிக்கிற அத்தனை பேரும் இங்கே நிற்கிறார்கள்.

"எல்லாரும் கைய எடுங்க" என்றாள்.

எடுத்தார்கள். வேலை நாளில், பிற்பகல் மூன்று முப்பத்தெட்டுக்கு, பத்து விரல்களும் அவள் சொன்னபடி மடங்கின, அவள் சொன்னபடி நிமிர்ந்தன. முறத்தை இழுத்து வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிக்க ஆரம்பித்தாள்.

பரஞ்சோதியின் சட்டைப் பையில் போன் அலறியது. ரியாஸின் குரல் வாசல் முழுக்கக் கேட்டது: "சார்! யாருமே தொடல சார், கீபோர்டு தானா ஓடுது! சார், உங்க பேரு வருது சார்! பரஞ்சோதி... திறக்க, எழுத, ஏற்க, நிராகரிக்க, எல்லா அனுமதியும் வழங்கப்பட்டது! கங்கிராட்ஸ் சார்!"

நாலு வருஷமாக அனுமதி இல்லை அனுமதி இல்லை என்று அழுத மனுஷனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. "அக்கா... எனக்கு எதுக்குக்கா?"

"அனுமதி இல்லைன்னு அழுதியே."

"அதுக்காக இப்பிடி திடுதிப்புனு குடுக்கலாமா? இனிமே தள்ளினா என் பேருல்ல வரும்? ஊருக்குள்ள எனக்குப் பொண்ணு குடுத்த வீடு இருக்குக்கா!"

"எனக்கு ஊர் இல்லையா?"

அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு பேராகக் கொடுத்தாள், போன் ஒவ்வொரு பேராகக் கூவியது, கூவக் கூவ ஆட்டோவில் வந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். ஒருத்தர், "மேடம், எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட், என்னை விட்டுடுங்க" என்று கும்பிட்டார். இன்னொருத்தர், "நான் லீவுல இருக்கேன், இங்க இல்லவே இல்ல" என்றார். பதினான்கு முடிந்தது. பதினைந்தாவதாகத் தாசில்தார் பேர். அவர் மேடைத் தமிழ் எங்கேயோ விழுந்துவிட்டது. "வேணாம் மேடம், ப்ளீஸ், நான் வெறும் மேற்பார்வைதான் மேடம்" என்றார். கடைசியாகத் தன் பேரைத் தேடினாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று கேட்கிறது என்றான் ரியாஸ். ஆம் என்று அடித்தாள், முறம் பிளக்கிற மாதிரி அடித்தாள்.

பிறகு எழுந்து, பச்சையம்மாவின் தோளைப் பிடித்து ஜீப்பின் முன்சீட்டில் உட்காரவைத்தாள். தாசில்தார் பின்சீட்டில் ஏறினார், பக்கத்தில் பரஞ்சோதி. அன்று மாலை பரஞ்சோதி தன் பேரில், தன் விரலால், கொடிமங்கலம் தாலுகாவில் ஒரு சான்று கொடுக்க நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். மனுவை மூன்று தடவை படித்தார், வேர்வையைத் துடைத்தார், "ஏகாம்பரத்துக்கு 'ற'வா 'ர'வாம்மா?" என்று எழுந்து நின்று கேட்டார். சான்றை வாங்கிக்கொண்ட பச்சையம்மா, அடியில் யார் பேர் இருக்கிறது என்று வரிசையில் நின்ற பையன் ஒருவனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் படி இறங்கினாள். மிச்சம் இருநூற்றுச் சொச்சம் நிலுவையில் ஒன்றைக்கூடத் தள்ள ஆளில்லை. கலெக்டர் மீட்டிங்கில் தாசில்தார் எழுந்து நின்று எண்ணைச் சொன்னபோது என்ன நடந்தது என்பதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி ஐந்துக்குத் தாசில்தாரே தில்லைநாயகி வீட்டுக்கு வந்தார், செருப்பை வெளியே விட்டார், ஒரு காகிதத்தை நீட்டினார். பொதுமக்கள் நலன் கருதியும், நிர்வாக நலன் கருதியும், திருமதி தில்லைநாயகி அவர்களின் பெயரை மட்டும் மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் பணி நீட்டிப்பு செய்ய அன்னாரின் ஒப்புதல் கோரப்படுகிறது. "நீங்க வரவே வேணாம் மேடம்," என்றார் மிகவும் பணிவாக. "பேர் மட்டும் வந்தா போதும்."

அவள் காகிதத்தை வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். கோதண்டத்திடம் பேனா கேட்டாள். நிதானமாக, குண்டு குண்டாக, 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதி, காரணம் என்ற இடத்தில் காரணத்தையும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். அந்த விரல்கள் நாலு வருஷமாகப் போட்டுத் தள்ளிய ஆயிரக்கணக்கான நிராகரிப்பில் அது ஒன்றுதான் அவளுடையது.